மதுரையில் பகுத்தறிவுத் திரைப்பட விழா: இரண்டு நாள் விழாவை நடத்தும் முறை

கடவுள் மறுப்பாளர்கள், மதச்சார்பின்மையில் பிடிப்புள்ளவர்கள், இன்னும் ஒரு முடிவுக்கு வராமல் கேள்விகளோடு இருப்பவர்கள் ஆகியோருக்காக மதுரையில் ஒரு திரைப்பட விழா எடுக்க நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். 200 பேர் அமரும் அரங்கு, சனி ஞாயிறு இரண்டு நாள், ஐந்து முழுநீளப் படங்கள், கொஞ்சம் குறும்படங்கள் என்ற அளவை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். விழாவின் உயிர் படத்தில் இருக்கிறதா, படம் முடிந்தபின் நடக்கும் பேச்சில் இருக்கிறதா? பேச்சில்தான் என்பது எங்கள் கருத்து. படத்தைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றும் அம்மாவும் கோயிலுக்கே போகாத மகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அடுத்தடுத்து மைக் வாங்கிப் பேசுவது வீட்டுக்கூடத்தில் நடக்காது. அது நடப்பதற்காகத்தான் விழா. படத்தேர்வு, நேரம், நாற்காலி வரிசை, காவல்துறைக் கடிதம் எல்லாவற்றையும் இந்த ஒரு நோக்கத்துக்குப் பொருந்துமாறு அமைக்க வேண்டும்.

நாள் குறிப்பது

ஐந்து மாதம் முன்பே தொடங்குங்கள். மதுரையில் நாள் பார்ப்பது என்றால் காவல்துறையின் வேலைப்பளுவைப் பார்ப்பது. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. சித்திரைத் திருவிழா நாட்கள். விநாயகர் சதுர்த்தி ஊர்வலங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 27 முதல் 30 வரை மருதிருவர், தேவர் நினைவு நாட்கள். இந்தச் சமயங்களில் பாதுகாப்புக்கு ஆள் தர முடியாது என்பதே அனுமதி மறுக்கப் போதுமான காரணமாகிவிடும். செப்டம்பர் 17 பெரியார் பிறந்த நாள் என்பதால் பலரும் முதலில் அந்த நாளைத்தான் நினைப்பார்கள். சில ஆண்டுகளில் விநாயகர் சிலை கரைப்பும் அதே வாரத்தில் வந்து விழும். காலண்டரைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

எங்கள் பரிந்துரை இரண்டு. ஒன்று, டார்வின் பிறந்த நாளான பிப்ரவரி 12-ஐ ஒட்டிய வார இறுதி. வெயில் ஏறியிருக்காது, கல்லூரித் தேர்வுகள் பெரும்பாலும் தொடங்கியிருக்காது. இன்னொன்று ஆடி மாதம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் திருமண மகால்கள் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். முகூர்த்தம் பார்க்காதவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: அஷ்டமி, நவமி, மார்கழி எல்லாமே அவர்களுக்கு நல்ல நாள்தான். சனிக்கிழமை காலை 9 முதல் 10.30 வரை இராகு காலம். அந்த நேரத்திலேயே விழாவைத் தொடங்கினால் அதுவே ஒரு பேச்சுக்கு வித்திடும். ஆடியில் ஒரு சிக்கலும் உண்டு. அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாக்களின் குழாய் ஒலிபெருக்கிகள் காலை முதல் ஒலிக்கும். மகாலிலிருந்து 300 மீட்டருக்குள் அம்மன் கோயில் இருக்கிறதா, அந்த வார இறுதியில் அங்கே திருவிழா இருக்கிறதா என்று தெருவில் நடந்துபோய் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். அவர்களுடைய விழா நேரத்தில் போய் ஒலியைக் குறைக்கச் சொல்வது நமக்கு அழகல்ல.

அரங்கு

அரங்கு கிடைத்த பிறகு கைவிட்டுப் போவதுதான் இப்படிப்பட்ட விழாக்கள் நின்றுபோவதற்கு முதல் காரணம். எங்கிருந்தோ யாரோ உரிமையாளருக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, "தண்ணீர் மோட்டார் பழுது, வேறு இடம் பாருங்கள்" என்று தகவல் வரும். நிகழ்ச்சி என்னவென்று மறைத்துப் பதிவு செய்திருந்தால் நீங்கள் எதுவும் கேட்க முடியாது. ஆகவே பதிவு செய்யும்போதே "பகுத்தறிவுத் திரைப்பட விழா" என்று எழுத்தில் கொடுங்கள். ரசீதில் அதே சொல் இருக்கட்டும். பணத்தை வங்கி வழியாகச் செலுத்துங்கள். இரண்டாவது இடம் ஒன்றைக் கட்டாயம் பேசி வையுங்கள். தொழிற்சங்கக் கட்டடங்களின் கூட்ட அரங்குகள் இதற்குப் பொருத்தமானவை; வெளி நெருக்கடிக்கு அவ்வளவு எளிதில் வளையமாட்டார்கள்.

தமுக்கம் பக்கத்தில் காந்தி அருங்காட்சியக வளாகம், ராஜா முத்தையா மன்றம், உலகத் தமிழ்ச் சங்கம், 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எனப் பொது அரங்குகள் அருகருகே இருக்கின்றன. மாட்டுத்தாவணியிலிருந்தும் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்தும் நேரடிப் பேருந்து கிடைக்கும் வட்டாரம் இது. அரசு அல்லது அறக்கட்டளை அரங்கு என்றால் விதிமுறைத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சிலவற்றில் "அரசியல், மத நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இல்லை" என்ற வரி இருக்கும். மதத்தைப் பற்றி விவாதிப்பதும் அதில் அடங்கும் என்று பொருள் சொல்ல இடமுண்டு. முன்கூட்டியே எழுத்தில் விளக்கம் பெற்றுக்கொள்ளுங்கள். பந்தல் வேண்டாம். 1946 மே மாதம் மதுரையில் பெரியாரின் கருஞ்சட்டைப் படை மாநாட்டுப் பந்தலுக்குத் தீ வைத்த வரலாறு இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பந்தலுக்குள் இருட்டும் கிடையாது, ஒலித்தடுப்பும் கிடையாது. சிமெண்டுக் கூரையும் குறைந்தது இரண்டு வெளியேறும் வாசலும் உள்ள கட்டடமாகப் பாருங்கள்.

மகால் மேலாளரிடம் மூன்றைத் தெளிவாகப் பேசிவிட வேண்டும்: குத்துவிளக்கு ஏற்றமாட்டோம், அசைவம் பரிமாறுவோம், மேடைக்குப் பின்னால் இருக்கும் சாமி படங்களைத் தொடமாட்டோம். மூன்றாவதை நாமாகவே சொன்னால் மற்ற இரண்டுக்கும் எதிர்ப்பு வராது. திரையை அதன் முன்னால் கட்டிவிட்டால் போதும்.

காவல்துறையும் சட்டமும்

விழாவுக்கு 30 நாள் முன்பு மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுங்கள், நகல் உள்ளூர்க் காவல் நிலைய ஆய்வாளருக்கு. நாள், நேரம், அரங்கின் முகவரி, எத்தனை பேர், படங்களின் பட்டியலும் தணிக்கைச் சான்றிதழ் எண்களும், பேசுபவர்கள் பெயர், வாகனம் நிறுத்தும் இடம், இரண்டு பொறுப்பாளர்களின் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகையை வாங்காமல் திரும்பாதீர்கள். அடுத்த வாரத்தில் நுண்ணறிவுப் பிரிவிலிருந்து ஒருவர் வருவார். படங்களின் கதையைக் கேட்பார். ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து வரிக் கதைச்சுருக்கம் தமிழில் அச்சிட்டு வைத்திருங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அவர் எழுதிக்கொள்வது வேறாக இருக்கும்.

30 நாள் ஏன்? மறுத்தால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட அவகாசம் வேண்டும். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போவது கடினம். மனுவோடு எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன்ராம் வழக்கின் 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பை இணைத்துவிடுங்கள். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தைப் பற்றிய வழக்கு அது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்கக் கூடாது, அதைக் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது.

மதத்தைப் பழிப்பது பற்றிய பிரிவு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. வேண்டுமென்றே, தீய உள்நோக்கத்தோடு ஒரு வகுப்பினரின் மத உணர்வைப் புண்படுத்துவதுதான் அதில் குற்றம். விமர்சனம் குற்றமாகாது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ(எச்) சொல்கிறது. அந்த வரியை அழைப்பிதழிலேயே அச்சிடலாம்.

படத்துக்கான தணிக்கை வேறு விஷயம். 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி பொதுமக்களுக்குக் காட்டும் எந்தப் படத்துக்கும் சான்றிதழ் வேண்டும். குறும்படங்கள், வெளிநாட்டுப் படங்கள் பலவற்றுக்கும் அது இருக்காது. விழாக்களுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு தருகிறது. வணிக நோக்கம் இருக்கக் கூடாது, படம் தெரிந்தவர்களைக் கொண்ட ஒரு முன்னோட்டக் குழு ஒவ்வொரு படத்தையும் பார்த்துப் பரிந்துரைத்திருக்க வேண்டும், பதிவு செய்த பிரதிநிதிகளுக்கு மட்டுமே காட்ட வேண்டும். இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். விலக்கு கிடைக்காமலும் போகலாம். 2019-இல் கேரள விழா ஒன்றில் ஆனந்த் பட்வர்தனின் 'விவேக்' ஆவணப்படத்துக்கு விலக்கு கிடைக்காமல், கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்த பிறகே அது திரையிடப்பட்டது. முதல் முறை நடத்துபவர்கள் முழுநீளப் படங்களில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றைச் சான்றிதழ் உள்ளவையாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

நுழைவுச்சீட்டு விற்காதீர்கள். விற்றால் உரிமம், வரி என்று கேள்விகள் நீளும். பிரதிநிதிக் கட்டணம், பெயர் எழுதிய அட்டை என்ற முறைதான் சரி. பதிவு செய்பவர்களில் நாலில் ஒருவராவது வராமல் போவது வழக்கம். 200 நாற்காலிக்கு 250 பதிவு வரை போகலாம்.

படத்தேர்வு

ஒரே மதத்தை மட்டும் கேள்வி கேட்கும் நிரல் நேர்மையற்றது, ஆபத்தானதும்கூட. பார்வையாளர்களும் அதை உடனே கண்டுகொள்வார்கள். அதே சமயம், சாமியாரைக் கோமாளியாக்கிச் சிரிக்கவைக்கும் படங்களை நிரப்பினால் ஏற்கெனவே நம்பாதவர்கள் கைதட்டிவிட்டுப் போவார்கள். நம்புகிறவர் வாய் திறக்கமாட்டார். நம்பிக்கை ஒரு மனிதருக்குள் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் படங்களைத் தேடுங்கள்.

சனிக்கிழமை காலைக்கு சத்யஜித் ரேயின் 'கணசத்ரு' (1989). ஒரு சிறு நகரத்துக் கோயில் தீர்த்தத்தில் கிருமி கலந்திருப்பதை மருத்துவர் கண்டுபிடிக்கிறார். ஊரே அவருக்கு எதிராகத் திரும்புகிறது. கோயிலையும் அதைச் சுற்றிய வணிகத்தையும் நம்பி வாழும் எந்த ஊருக்கும் அது தெரிந்த கதை. விவாதம் முதல் நிமிடத்திலேயே பிடித்துக்கொள்ளும். மதியம் அவரது 'தேவி' (1960): மருமகளைக் காளியின் அவதாரம் என்று மாமனார் கனவு கண்டுவிட, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிறது என்பது கதை. பெண்கள் அதிகம் பேசுவது இந்தப் படத்துக்குப் பிறகாக இருக்கும். மாலையில் அயோத்தி ராமர் கோயில் இயக்கத்தைப் பற்றி ஆனந்த் பட்வர்தன் எடுத்த 75 நிமிட ஆவணப்படம் 'ராம் கே நாம்' (1992). 'யூ' சான்றிதழ் பெற்ற படம், தேசிய விருதும் பெற்றது. ஆனாலும் சில இடங்களில் திரையிடலைத் தடுத்திருக்கிறார்கள். சான்றிதழின் நகலை வாசலிலேயே வைத்திருங்கள்.

ஞாயிறு காலை 'இன்ஹெரிட் தி விண்ட்' (1960). பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக 1925-இல் அமெரிக்காவின் டென்னசியில் ஓர் ஆசிரியர் மேல் நடந்த வழக்கைத் தழுவியது, கிறித்தவச் சூழலில் நடப்பது. ஈரானைப் பற்றிய 'பெர்செபோலிஸ்' (2007) கிடைத்தால் 'தேவி'க்குப் பதிலாகவோ அடுத்த ஆண்டுக்கோ வைத்துக்கொள்ளலாம். மதியம் 'பராசக்தி'. 1952 தீபாவளிக்கு மதுரை தங்கம் தியேட்டர் திறக்கப்பட்டதே இந்தப் படத்தோடுதான். ஆசியாவிலேயே பெரியது என்று பேசப்பட்ட கொட்டகை அது. ஊர்ப் பெரியவர்கள் பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், கட்டாயம் இடைவேளை விடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய ஒரு மணி நேரம் கண் சொக்கும் நேரம். மெதுவான படத்தை அங்கே வைத்தால் அரங்கில் பாதி தூங்கிவிடும். சனிக்கிழமை அந்த இடத்தில் 10 நிமிடத்துக்கு உட்பட்ட குறும்படங்கள் நான்கு. ஞாயிற்றுக்கிழமை 'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சி. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பது போன்ற எளிய செய்முறைகளைப் பிள்ளைகளையே மேடைக்கு அழைத்துச் செய்யவைக்கலாம். நெருப்பு சம்பந்தப்பட்ட எதையும் அரங்குக்குள் அனுமதிக்காதீர்கள்.

உரிமை. ஓ.டி.டி. சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே, பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்குப் பாதுகாப்பு வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். எனவே 1952, 1960 படங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் கதை, வசனம், பாடல் ஆகியவற்றுக்குத் தனி உரிமை இருக்கக்கூடும். நல்ல பிரதியும் யாரோ ஒருவர் கையில்தான் இருக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதுங்கள். 'கணசத்ரு' தயாரித்தது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம். புனேயிலுள்ள திரைப்பட ஆவணக் காப்பகமும் இப்போது அதன் கீழ்தான். ஆவணப்பட இயக்குநர்கள் பலர் நேரடியாக எழுதிக் கேட்டால் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். 1998 முதல் மதுரையில் 'மறுபக்கம்' என்ற அமைப்பு ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறது. அங்கே போய் உட்கார்ந்து பார்த்தாலே பாதிப் பாடம் கிடைத்துவிடும்.

தமிழ் வரிகள்

வங்காளி, இந்தி, ஆங்கிலப் படத்துக்குத் தமிழ் வசன வரி இல்லையென்றால் விழா ஆங்கிலம் தெரிந்த நாற்பது பேரோடு சுருங்கிவிடும். இதற்குத்தான் அதிக உழைப்பு வேண்டும். ஒரு படத்துக்கு ஒருவர் முழுதாக உட்கார்ந்தால் ஒரு வாரம் பிடிக்கும். சரிபார்க்க இன்னொருவர் வேண்டும்.

திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு 35 எழுத்துக்குள். ஒவ்வொன்றும் குறைந்தது ஒன்றரை வினாடி நிற்க வேண்டும். 'இன்ஹெரிட் தி விண்ட்' போன்ற நீதிமன்றப் படத்தில் வசனம் மழையாகக் கொட்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் படிக்க முடியாது, மூன்றில் ஒரு பங்கைத் துணிந்து வெட்டுங்கள். பேச்சுத் தமிழுக்கு நெருக்கமாக எழுதுங்கள். கோப்பை யூ.டி.எஃப்-8 முறையில் சேமியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். படத்தை ஓட்டும் சில இயக்கிகளில் (பிளேயர்) கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். அதனால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவில் வரிகளைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடுங்கள். இதற்கு உரிமையாளரின் சம்மதத்தையும் கேட்டுவிடுங்கள்.

வரி ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போக முந்துகிறதா, பின்தங்குகிறதா? படம் வினாடிக்கு 23.976 சட்டத்தில் (ஃபிரேம்) இருக்கிறது, வரிகள் 25 சட்டப் பிரதிக்குச் செய்யப்பட்டவை, அல்லது அதற்கு நேர்மாறு. 100 நிமிடத்தில் நாலு நிமிடத்துக்கு மேல் விலகிவிடும். முன்னும் பின்னும் தள்ளிப் பயனில்லை, சட்ட வேகத்தை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பார்ப்பதுதான் இதைப் பிடிக்கும் வழி.

திரை, ஒளி, ஒலி

200 பேருக்கு 14 அடி அகலம், ஏறத்தாழ 8 அடி உயரத் திரை போதும். அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் முன்னால் இருப்பவர் தலை வசன வரியை மறைக்கும். முதல் வரிசை திரையிலிருந்து 14 அடி, கடைசி வரிசை 48 அடிக்குள். வரிசைக்கு 3 அடி இடம்விட்டால் 11 வரிசை, வரிசைக்கு 18 நாற்காலி. நடுவில் பாதை விடாதீர்கள், பார்க்க நல்ல இடம் அதுதான். இரண்டு ஓரங்களிலும் விடுங்கள். ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து உட்காரும் பழக்கத்தை வாசலில் நிற்கும் தொண்டர்களே மெதுவாக மாற்றலாம்.

புரொஜெக்டருக்கு எத்தனை லூமென் (ஒளியின் அளவு) என்பதைக் கணக்கிட்டே கேளுங்கள். 14-க்கு 8 அடித் திரை 112 சதுர அடி. முழு இருட்டில் சதுர அடிக்கு 16 லூமென் கிடைத்தால் தியேட்டர் தரம். அதாவது 1,800 போதும். மகாலில் முழு இருட்டு கிடைக்காது. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கூரை, மேலே காற்றுத் துளைகள் எல்லாம் இருக்கும். அதனால் 5,000-க்குக் குறையாமல் எடுங்கள். வாடகைக்குத் தருபவர் சொல்லும் எண்ணை நம்பாமல் மாதிரி எண்ணைக் கேட்டுத் தேடிப் பாருங்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி இரண்டு மடிப்பு. வாசலுக்கு நாலடி இடைவெளிவிட்டு இரண்டு திரைச்சீலை, அப்போதுதான் ஆள் நுழையும்போது வெளிச்சம் திரையில் விழாது. இருட்டைப் பகல் 12 மணிக்குப் போய்ச் சோதியுங்கள், மாலையில் போனால் ஏமாறுவீர்கள்.

வீச்சு விகிதம் (தொலைவு திரை அகலத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 1.5 உள்ள லென்ஸ் என்றால் 14 அடித் திரைக்குப் புரொஜெக்டர் 21 அடியில் இருக்க வேண்டும். அது பார்வையாளர் நடுவில் விழுகிறது. கூரையிலிருந்து தொங்கவிடுங்கள், இல்லையென்றால் 3.5 விகிதமுள்ள நீள்வீச்சு லென்ஸ் கேட்டுக் கடைசி வரிசைக்குப் பின்னால் வையுங்கள். மடிக்கணினியைப் புரொஜெக்டர் பக்கத்திலேயே வைத்து, நீளமான கம்பியை ஒலிக்கு மட்டும் இழுங்கள். சாதாரண எச்.டி.எம்.ஐ. கம்பி 15 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு மறையும்.

மகாலில் ஒலிதான் பெரிய எதிரி. கல்தரையும் வெற்றுச் சுவரும் சேர்ந்து வசனத்தைக் குழப்பிவிடும். ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். பவானி ஜமுக்காளங்களைப் பக்கச் சுவர்களில் தொங்கவிடுங்கள், தரையிலும் விரியுங்கள். முன்னால் இரண்டு ஒலிபெருக்கி, நடுத்தொலைவில் சிறியதாக இரண்டு. நடுவில் உள்ளவற்றுக்கு, முன்னால் இருப்பவற்றிலிருந்து எத்தனை அடியோ ஏறத்தாழ அத்தனை மில்லிவினாடி தாமதம் கொடுங்கள். இசை கேட்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை என்றால், ஒலியைப் பல அலைவரிசைகளாகப் பிரித்துத் தரும் 5.1 முறையில் வசனம் வரும் நடு அலைவரிசை வெளியே வரவில்லை என்று பொருள். இயக்கியில் ஸ்டீரியோவாக மாற்றுங்கள். 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் மின்தரைச் சிக்கல், டி.ஐ. பெட்டி என்ற சிறு ஒலி இணைப்புக் கருவி ஒன்றை நடுவில் வைத்தால் தீரும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் துணைமின் நிலையத்துக்கு எந்த நாள் என்பது நாளிதழில் வரும், முந்தைய வாரமே பாருங்கள். ஜெனரேட்டர் இருந்தாலும் மாறும் அந்தப் பத்து வினாடியில் விளக்கு வகைப் புரொஜெக்டர் அணைந்தால் சூடு ஆறிய பிறகே மறுபடி எரியும். புரொஜெக்டருக்கும் கணினிக்கும் 2 கே.வி.ஏ. ஆன்லைன் யூ.பி.எஸ். கட்டாயம். எல்லாப் படங்களையும் இரண்டு வன்தட்டில் வைத்து, வெள்ளிக்கிழமை இரவு அந்த அரங்கிலேயே ஒவ்வொன்றையும் மூன்று இடங்களில் ஓட்டிப் பாருங்கள்.

விவாதம்

ஒவ்வொரு முழுநீளப் படத்துக்கும் 40 நிமிடம். இதைக் காப்பாற்ற வேண்டுமானால் வேறொன்றை வெட்ட வேண்டும்: தொடக்க விழா. பன்னிரண்டு பேர் வாழ்த்துரை, ஆளுக்கொரு பொன்னாடை என்று போனால் 10 மணிப் படம் 11.30-க்குத் தொடங்கும், அன்று முழுவதும் விவாதங்கள் ஒவ்வொன்றாகச் சாகும். இருவர் பேசட்டும், மொத்தம் 15 நிமிடம். மற்ற தோழர்களுக்கு விழா மலரில் எழுத இடம் கொடுங்கள். பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள்.

நெறியாளர் 5 நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. படத்தின் கருத்தை விளக்குவது அவர் வேலையில்லை. ஒரு கேள்வியைப் போட வேண்டும்: "அந்த மாமனார் கெட்டவரா?" போதும். கையில் எடுத்துச்செல்லும் மைக் இரண்டு, ஆளுக்கு 90 வினாடி. முதல் மைக் நமக்குத் தெரிந்த தோழரிடம் போகக் கூடாது. அவர் சொற்பொழிவு தொடங்கிவிட்டால் புதிதாக வந்தவர் எழுந்து போய்விடுவார். எழுந்து பேசத் தயங்குகிறவர்களுக்காகச் சிறு சீட்டும் பென்சிலும் நாற்காலியிலேயே வையுங்கள். நல்ல கேள்விகள் பெரும்பாலும் சீட்டில்தான் வரும். நம்பிக்கையுள்ளவர் பேசும்போது சிரிப்பு எழுந்தால் நெறியாளர் அதே நொடியில் நிறுத்த வேண்டும். தனிநபர் வசையையும் அப்படியே.

பார்வையாளர் பாதுகாப்பு

வருகிறவர்களில் பல இளைஞர்கள் வீட்டில் சொல்லாமல் வருகிறார்கள். முகநூலில் ஒரு படம் போதும், கல்யாணப் பேச்சு முறிவதிலிருந்து படிப்பு நிறுத்தப்படுவது வரை போகும். அட்டையில் இரண்டு நிறக் கயிறு வையுங்கள்: மஞ்சள் கட்டியவரைப் புகைப்படம் எடுக்கக் கூடாது. பத்திரிகையாளர், யூடியூபர் எல்லோருக்கும் வாசலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். பார்வையாளரை எடுக்கும் படங்கள் பின்னாலிருந்து மட்டும். பதிவுப் பட்டியல் ஒருவர் கணினியில் மட்டும் இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

எதிர்ப்பாளர்கள் வந்து முழக்கமிட்டால் நம் ஆட்கள் பதில் முழக்கம் எழுப்பக் கூடாது. வாசலில் நிற்கும் இருவருக்கு மட்டுமே பேசும் பொறுப்பு. ஒருவர் காவல்துறையை அழைக்க, இன்னொருவர் நடப்பதை ஒளிப்பதிவு செய்ய. உள்ளே படம் நிற்காமல் ஓடட்டும். கடைசி நிகழ்ச்சி 7.30-க்கு முடிய வேண்டும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிக்குத் திரும்பும் பெண்கள் பேருந்தைப் பிடிக்க அந்த நேரம்தான் சரி.

சாப்பாடு ஒரே பந்தி. சைவமும் அசைவமும் ஒரே மேசையில், தனி வரிசை வேண்டாம். தேநீர் 80 மில்லி வீதம் ஒரு தடவைக்கு 16 லிட்டர்.

கிராமத் திரையிடல்

விழா முடிந்த வாரத்தில் ஒரு படத்தைக் கிராமத்து மந்தைக்கு (ஊர்ப் பொதுத் திடல்) எடுத்துச் செல்ல விரும்பினால் விழாவையே பிப்ரவரியில் வையுங்கள்; அம்மியும் பறக்கும் ஆடிக்காற்றில் 14 அடித் துணித்திரை நிற்காது. ஊராட்சித் தலைவரிடமும் மந்தையை ஒட்டிக் குடியிருப்பவர்களிடமும் நேரில் கேளுங்கள். எந்தத் தெருவினர் மந்தைக்கு வரமுடியாது என்பதையும் விசாரியுங்கள். அப்படி ஒரு தடை இருந்தால் எல்லோரும் வரக்கூடிய பள்ளி மைதானத்துக்கு மாற்றுங்கள். இருட்டிய பிறகு 7 மணி அளவில் தொடங்கி 10 மணிக்குள் ஒலிபெருக்கியை அணைத்துவிட வேண்டும், அதற்குமேல் சட்டப்படி அனுமதி இல்லை. வசன வரி படிக்க முடியாதவர்களுக்காக ஒருவர் மைக்கில் மெதுவாகப் படித்துச் சொல்லலாம். ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

விழா முடிந்த பத்து நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கை நன்கொடையாளர் எல்லோருக்கும் அனுப்புங்கள். படம் தந்தவர்களுக்கு எத்தனை பேர் பார்த்தார்கள், என்ன கேட்டார்கள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, கோப்புகளை அழித்துவிட்டதையும் அதில் சொல்லுங்கள். நீங்கள் செய்த தமிழ் வரிக் கோப்பை அவர்களுக்கே கொடுத்துவிட்டால் அடுத்து திருநெல்வேலியிலோ திண்டுக்கல்லிலோ திரையிடுகிறவர்களுக்கு ஒரு வார வேலை மிச்சம். கேள்விச் சீட்டுகளைத் தட்டச்சு செய்து வையுங்கள். அடுத்த ஆண்டுப் படத்தேர்வுக் குழு முதல் கூட்டத்தில் எடுக்க வேண்டிய தாள் அதுதான்.